சோக்கும் சாக்கும்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, போன வாரம் என்னை உங்கள் எதிரில் நிறுத்தி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்தேன், கும்பிட்டேன், உட்கார்ந்துவிட்டேன். வண்டி பக்கத்தில் இருந்தால் வருகிற பேச்சு, சும்மா நின்றால் இன்னும் வருவதில்லை. நீங்கள் கைதட்டினீர்கள். எதற்குத் தட்டினீர்கள் என்று இன்னும் புரியவில்லை. வாயால் வராதது கையால் வருமா பார்ப்போம் என்று இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் படித்தவர்கள் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருந்தால் வண்டி திருத்திவிடும்.

பெரம்பலூர் பட்டறைக்கு நான் கழுவுகிறவளாகத்தான் வந்தேன். கார்பரேட்டரைப் பிரித்து ஒரு தட்டில் போட்டுக் கொடுப்பார்கள். பெட்ரோலில் ஊறவைத்து, பிரஷால் தேய்த்து, காற்றடித்து, துணி விரித்து வரிசையாக வைப்பேன். பெட்ரோலின் வாசனை எல்லோருக்கும் தெரியும். அதன் குளிர்ச்சி கை வைத்தவர்களுக்குத்தான் தெரியும். சித்திரை வெயிலில் ஊரே கொதிக்கும்போது என் இரண்டு கையும் மட்டும் கிணற்றுக்குள் இருப்பது போல இருக்கும். கண் சொக்கிக்கொண்டு வரும். பாதி நாள் நான் பட்டறையில்தான் இருந்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் கை விழித்துக்கொண்டிருந்தது. காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது, பெட்ரோல் எந்த இடத்தில் அதோடு சேர்கிறது என்பதெல்லாம் முதலில் கைக்குத் தெரிந்தது. அப்புறம் கண்ணுக்குத் தெரிந்தது. வாய்க்கு வந்து சேரத்தான் வருடக்கணக்காக ஆனது.

பேசும்போது முந்தானை தானாக என் வாய்க்கு வந்துவிடும். அப்படிப் பேசினால் எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஒருநாள் ஒரு ஜீப்புக்கு கார்பரேட்டர் ஏற்றினார்கள். அடியில் காற்றுப் புகாமல் வைக்கும் கேஸ்கட் அட்டையைத் திருப்பி வைத்துவிட்டார் மேஸ்திரியின் தம்பி. அதில் இருக்கும் சின்ன ஓட்டை மறைந்துபோனது. நான் பார்த்தேன். பெரிய ஆள், நாம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். அந்த ஜீப் அரியலூர் போகும் வழியில் நின்று, கல்யாணத்துக்குப் போன ஆட்கள் சீர்த்தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போனார்கள்.

மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார்.

"பாத்தியா?"

தலையாட்டினேன்.

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

முந்தானைக்குள் ஏதோ முனகினேன்.

"கண்ணு தெரியாதவன் தப்பு பண்ணா பாவம்னு வுட்டுடலாம். நீ தெரிஞ்சவ. மொதல்ல அந்தத் துணிய வாயிலேர்ந்து எடு."

எடுத்தேன். அவர் போனதும் திரும்ப வாய்க்கே வந்துவிட்டது. அதற்கப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வும் பெற்றேன். துணி மட்டும் போகவில்லை. நான் சொல்லப்போகிற கதை, அது எப்படிப் போனது என்பதுதான்.

போன தை மாதம் பட்டறையிலிருந்து போன் வந்தது. அரியலூரில் ஒருவர் அமெரிக்க வண்டி வைத்திருக்கிறார், கார்பரேட்டர் தொந்தரவு, உங்களை விட்டால் ஆள் இல்லை, ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள் அக்கா என்றார்கள். போனேன்.

அவர் பெயர் காதர் பாய். சொந்த ஊர் லெப்பைக்குடிகாடு. வளைகுடாவில் ஒரு பெரிய வீட்டில் வாழ்நாள் முழுக்க டிரைவராக இருந்தவர். ஊருக்குத் திரும்பும்போது முதலாளி தன் பழைய வண்டியை அவருக்கே கொடுத்துவிட்டாராம். கப்பலில் வந்த வண்டி. இப்போது அரியலூரில், சிமெண்ட் லாரிகள் போகிற ரோட்டோரம், வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நின்றது.

கொட்டகைக்குள் நுழைந்தேன். குளத்தில் ஊறிய பாசி நிறத்தில் அவ்வளவு நீளமாக ஒரு வண்டி. பானெட்டின் மேல் இரண்டு பேர் படுத்துத் தூங்கலாம். எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி மாவு போலப் படிந்திருந்தது. பின் டயருக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைப் பார்த்தேன். சுருள் சுருளாக, நத்தைக் கூடு கல்லாகிப் போனது போல இருந்தது.

"கிணறு வெட்டறப்ப கெடச்சுச்சும்மா," என்றார் பாய். "இங்கெல்லாம் ஒரு காலத்துல கடலு. சிப்பியும் நண்டும் கல்லாப் போயிருக்கு. அதத்தான் அரைச்சு சிமெண்ட்டா லாரில கொண்டுட்டுப் போறாங்க."

ஏர் பில்டரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே அதே வெள்ளை. இத்தனை நாளாக இந்த எஞ்சின் ஒரு கடலின் பொடியை மூச்சு மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது என்று நினைத்தபோது எனக்கு லேசாகத் தலை சுற்றியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. வைக்கவில்லை. பாய் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய்க்கு என்ன கஷ்டம் என்பதை அவருடைய மகள் பரீதா சொன்னாள். பள்ளிக்கூட டீச்சர். குரல் மணி அடித்தாற்போல இருக்கும்.

"அத்தா மாடியிலேர்ந்து வுழுந்ததுலேர்ந்து எடது முட்டி மடங்காதும்மா. கிளட்ச்சு மிதிக்க முடியாது. இந்த வண்டியில கிளட்ச்சு இல்ல, வலது கால் மட்டும் போதும். டாக்டர் ஓட்டலாம்னுட்டார். அதெல்லாம் சரி. ஆனா இந்த வண்டி பத்து நிமிஷம் ஓடினா கருப்பாப் பொகைய விட்டுட்டு நடுரோட்டுல நின்னுடுது. போன மாசம் ஹைவேல நின்னுச்சு. பின்னால லாரி. பிரேக் புடிச்ச சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. இவரால டக்குனு எறங்கி ஓடவும் முடியாது."

"எறங்கி எதுக்கு ஓடணும்? நான் என்ன திருடனா?" என்றார் பாய்.

"தம்பிங்க ரெண்டு பேரும் துபாயிலேர்ந்து சொல்லிட்டாங்க. செவ்வாக்கெழம மெட்ராஸ்லேர்ந்து லாரி வருது. வண்டிய ஏத்திட்டுப் போயிடுவாங்க."

"கிளட்ச்சு இல்லாத புது வண்டி வாங்கித் தரானுங்களாம்," என்று பாய் என்னிடம் சொன்னார். "அது தானே நிக்கும், தானே போவும். அதுல எனக்கு என்ன சோலி? ஊறுகாய் பாட்டிலாட்டம் உக்காந்து வரணும்."

பரீதா சிரித்துவிட்டாள். அப்புறம் ஒரு கணக்குச் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை இருக்கிறது, ஆகவே திங்கட்கிழமை. சிறுவாச்சூர் காளி கோயிலில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள். அந்த நாளில் அங்கே கூட்டத்துக்குள் வண்டி எறும்பு போலத்தான் நகரும். அரியலூரிலிருந்து அதுவரை அத்தா ஓட்டிக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும். அவள் பின் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பாள். அத்தா தவறாமல் ஓட்டிவிட்டால் லாரியை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவாள். தவறினால் செவ்வாய்க்கிழமை அவர் வாயைத் திறக்கக் கூடாது.

"இன்ஷா அல்லாஹ்," என்றார் பாய். என்னைப் பார்த்தார். "தங்கச்சி, ஒன் கையிலதான் இருக்கு."

நான் முந்தானைக்குள் "சரிங்க" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை.

வேலையை நீட்டிச் சொல்லப் போவதில்லை. சோக் என்றால் என்ன என்று மட்டும் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கார்பரேட்டரின் வாயில் இருக்கும் ஒரு சின்னத் தகடு அது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காற்றை அடைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்க வைக்கும். எஞ்சின் சூடானதும் அது நிமிர்ந்து காற்றுக்கு வழிவிட வேண்டும். இந்த வண்டியின் கார்பரேட்டருக்கு நான்கு தொண்டை. முன்னால் இருக்கும் இரண்டுக்கு மேல்தான் அந்தத் தகடு. அதைத் தானாக நிமிர்த்த ஒரு சுருள்வில் உண்டு. அந்த வில் செத்துப்போயிருந்தது. தகடு நிமிரவே இல்லை. பல் முளைத்த பிள்ளைக்குப் பாலையே ஊட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அதுதான் கரும்புகை.

ஆனால் அதோடு நிற்கவில்லை. ஒரு முழ ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்பரேட்டரின் அடியில் சுற்றிலும் கொண்டுபோனேன். ஓரிடத்தில், தூங்கும் குழந்தை பல்லிடுக்கில் மூச்சு விடுவது போல 'ஸ்' என்று கேட்டது. அடிக் கேஸ்கட் வெடித்து, திருட்டுக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. யாரோ முன்னால் பார்த்தவர் அந்தக் காற்றைச் சமாளிக்க சோக்கை முறுக்கி வைத்திருக்கிறார். ஒரு கோளாறை இன்னொரு கோளாறால் மூடியிருக்கிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து ஒரு காலம் ஓடியிருக்கிறது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு வண்டியில் இரண்டு பொய் இருந்தால் எதை முதலில் எடுத்தாலும் மற்றது காட்டிக்கொடுக்கும்.

கேஸ்கட்டை மாற்றினேன். செத்த வில்லை எடுத்துவிட்டு ஒரு கேபிளும் ஸ்டீரிங் பக்கத்தில் ஒரு குமிழும் வைத்தேன். குமிழை வெளியே இழுத்தால் தகடு மூடும். உள்ளே தள்ளினால் திறக்கும். பாய் கையால் செய்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். வண்டி கிளம்பியது. அரைமணி நேரம் கொட்டகையில் ஓடவிட்டோம். புகை இல்லை. அந்தச் சத்தம் காதுக்குள் வராமல் நெஞ்சுக்குள் வந்தது. ரோட்டில் போன சிமெண்ட் லாரிகளின் ஓசையெல்லாம் அதற்குள் கரைந்து, கல்லாகிப்போன அந்தக் கடல் எங்கோ கீழே புரண்டு படுக்கிற மாதிரி இருந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

என் தப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டி ஓடுவதைச் சோதித்தேன். சூடாக நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளம்புவதைச் சோதிக்கவில்லை. அந்தச் சத்தத்தின் மயக்கத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை காலையில் கிளம்பினோம். அது வெளிநாட்டு வண்டி அல்லவா, ஸ்டீரிங் இடது பக்கம். பாய் இடப்பக்கம் உட்கார்ந்தார். மடங்காத காலுக்கடியில் ஒரு திண்டு. பரீதா பின்னால். நான் வலப்பக்கம், நம் ஊரில் டிரைவர் உட்காரும் இடத்தில், மடியில் கையைக் கட்டிக்கொண்டு.

பனி இன்னும் விலகவில்லை. மக்காச்சோளக் கொல்லைகளும் பருத்திக் கொல்லைகளும் பாதிதான் தெரிந்தன. மீதியை நாமே நினைத்துக்கொள்ள வேண்டும். வண்டி போகிறதா, நாங்கள் அப்படியே இருந்து ஊர்கள் பின்னால் மிதந்து போகின்றனவா என்று தெரியவில்லை. பாய் ஒரு விரலால் ஸ்டீரிங்கைத் தொட்டுக்கொண்டிருந்தார். தூங்கும் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. எதிரே வந்த டவுன் பஸ் டிரைவர் என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், வாயைப் பிளந்தார். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பெரம்பலூர் தாண்டி சிறுவாச்சூர் வந்தோம். கூட்டம். வாழைப்பழத் தட்டு, எலுமிச்சை மாலை, வேப்பிலை, பூக்கடைகள். பாய் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். வண்டி ஒருமுறைகூட இருமவில்லை. கண்ணாடியில் பரீதாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கே கொஞ்சம் சந்தோஷம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

அப்போது சிவப்புத் துண்டு கட்டிய ஒருவர் கையைக் காட்டினார். "பால்குடம் வருது! வண்டிய அணைங்க, அணைங்க!"

பாய் அணைத்தார். பால்குடங்கள் வந்துகொண்டே இருந்தன. பத்து நிமிடம் இருக்கும். வெயில் ஏறிவிட்டது. பானெட்டின் மேல் காற்று நெளிந்தது. அந்தப் பெரிய எஞ்சினின் சூடு முழுவதும் மேலேறி, கார்பரேட்டருக்குள் நின்ற பெட்ரோலைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது. கொதித்த பெட்ரோல் தானாக வழிந்து எஞ்சினுக்குள் இறங்கும். கழுவிக் கழுவி அறிந்த என் கைக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நானோ பால்குடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் நகர்ந்தது. பாய் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, கிளம்பவில்லை. இன்னொரு தடவை. பின்னால் ஹாரன்.

"அத்தா..." என்றாள் பரீதா.

"இரு புள்ள, இரு."

நான் இறங்கிப் பானெட்டைத் திறந்தேன். ஏர் பில்டரையும் கழற்றி, பக்கத்துப் பூக்கடைப் பலகையில் வைத்தேன். எட்டிப் பார்த்தேன். தகடு பாதி மூடியிருந்தது. கிளம்பாத வண்டிக்கு சோக்கை இழுப்பது டிரைவர்களின் பழைய கைப்பழக்கம். ஏற்கனவே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிற எஞ்சினுக்கு அது ஆகாது. சோக்கே இல்லாமல், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக் காற்றைக் கொடுக்க வேண்டும்.

நான் சொன்னேன், முந்தானைக்குள்ளிருந்து: "சோக்க எடுத்துடுங்க பாய்."

பிள்ளைகளே, இதை நன்றாகக் கவனியுங்கள். நம் பட்டறையில் 'சோக் போடு' என்றால் மூடு, 'சோக் எடு' என்றால் திற. பாய் நம் பட்டறையில் இருந்தவர் இல்லை. அவர் முன்னால் இருப்பது ஒரு குமிழ். குமிழை 'எடு' என்றால் வெளியே எடு என்றுதானே அவருக்குக் கேட்கும்? பாதி இழுத்திருந்ததை முழுக்க எடுத்தார். என் கண்ணெதிரே தகடு படுத்து மூடிக்கொண்டது. நான் 'ஐயோ' என்பதற்குள் அவருக்கே ஏதோ சந்தேகம் வந்து உள்ளே தள்ளினார். தகடு திறந்தது. அதே நேரம் சாவியையும் திருப்பினார்.

எஞ்சின் ஒரு இருமல் இருமியது. கார்பரேட்டரின் தொண்டையிலிருந்து தீ எழுந்தது.

அது எவ்வளவு மெதுவாக எழுந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அடியில் நீலம், மேலே மஞ்சள். குளத்தில் அல்லி விரிவது போல விரிந்து என் முகத்தைத் தொட்டுப் போனது. புருவம் கருகிய வாசனை எனக்குத்தான் வந்தது, ஆனால் யாருக்கோ நடப்பது போல இருந்தது. அழகாகக்கூட இருந்தது. அந்த ஒரு நொடி கனவில் நின்றேன்.

"அத்தா! எறங்குங்க!" என்ற பரீதாவின் குரலில்தான் விழித்தேன்.

"முட்டி மடங்கி நான் எறங்கறதுக்குள்ள தீ அணைஞ்சிடும் புள்ள. நீ எறங்கி தூரப் போ," என்றார் பாய். நகரவில்லை. சாவியிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

வலப்பக்கம் ஒரு அம்மா மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தார்கள். "ஆத்தா, காளியாத்தா! தள்ளிக்க, தள்ளிக்க!" பெட்ரோல் தீயில் தண்ணீர் விழுந்தால் பெட்ரோல் மிதந்து தீயை நாலாப்பக்கமும் கொண்டுபோகும். சுற்றிலும் சனம், ஓலைப் பந்தல். குடம் சாயப் போகிறது. முந்தானை என் கையில் இருந்ததா, வாயில் இருந்ததா, எங்கே போனது என்று தெரியாது. ஒரு குரல் கேட்டது.

"தண்ணி ஊத்தாதீங்க! சாக்கு! சாக்கு!"

யாரடா இவ்வளவு சத்தமாகக் கத்துவது என்று பார்த்தேன். நான்தான்.

நான் கேட்டது, பூக்கடைக்காரம்மா பூவின் மேல் போட்டிருந்த ஈரச் சாக்கை. அவர் ஒரே எட்டில் அதை உருவி என் கையில் எறிந்தார். நான் விரித்துக் கார்பரேட்டரின் வாயில் அழுத்தினேன். அதே நொடியில் கீழே தகடு 'டக்' என்று மூடும் சத்தம் கேட்டது. எஞ்சின் சுற்றியது, சுற்றியது, மேலே இருந்த தீயை எல்லாம் உள்ளே இழுத்து விழுங்கிக்கொண்டது. சாக்கிலிருந்து ஆவி வந்தது. அவ்வளவுதான். தீ இல்லை.

"ஆக்சிலேட்டர முழுசா மிதிங்க! குமிழ உள்ள தள்ளுங்க!" என்றேன். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. சாக்கை எடுத்தேன். பாய் தள்ளினார், மிதித்தார், திருப்பினார். கருப்பாக ஒரு மூச்சு விட்டுவிட்டு வண்டி எழுந்துகொண்டது. கூட்டத்தில் யாரோ குலவை போட்டார்கள்.

ஓரமாக நிறுத்தினோம். அணைக்கவில்லை. பூக்கடைக்காரம்மா என் புருவத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லவேளை, நீங்க சாக்கு கேட்டீங்க. கையில இருந்துச்சு, போட்டேன்."

"எங்க சாக்கு?" என்றார் பாய். "தங்கச்சி 'சோக்கு'ன்னு கத்துச்சு. நான் சோக்க இழுத்துக்கிட்டே எஞ்சின சுத்துனேன். தீய முழுங்கிருச்சு பாரு."

"சாக்குன்னுதான் சொன்னாங்க!"

"சோக்கு! எனக்கு முட்டிதான் மடங்காது, காது நல்லா கேக்கும்."

ஒரு சொல்லை இரண்டு காது இரண்டு விதமாகக் கேட்டது. இரண்டும் சரியாகப் போனது. எல்லா நாளும் அப்படிப் போகாது.

பரீதா சிரிக்கவில்லை. 

"அத்தா, கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. மொதல்ல தீ எப்படி வந்துச்சு? சூடா இருக்கற வண்டியில சோக்க முழுசா இழுத்தது நீங்கதானே? நான் பின்னாலேர்ந்து பாத்தேன். வண்டி நல்லா இருக்கு. ஒத்துக்கறேன். ஓட்டறவங்களுக்கு வயசாயிடுச்சு அத்தா. நாளைக்கு லாரி வரட்டும்."

 பாய் ஸ்டீரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். நாற்பது வருட டிரைவர், தன் கையை நம்பலாமா என்று முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி தன் கையைப் பார்த்தார்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். பேசாமல் இருந்தால் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. தீயை அணைத்தவள் என்ற பேரோடு வீட்டுக்குப் போகலாம். தலையில் சீர்த்தட்டோடு ரோட்டில் நடந்துபோன அந்தக் கல்யாணக் கூட்டம் என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"தப்பு அவரோடது இல்லம்மா," என்றேன்.

"ம்?"

"நான் 'எடுத்துடுங்க'ன்னேன். எங்க பட்டறையில அப்படின்னா தொறன்னு அர்த்தம். அவருக்கு இழுன்னு கேட்டுருக்கு. குமிழ வச்சது நான். அத என்ன பேர் சொல்லிக் கூப்புடுறதுன்னு அவருக்குச் சொல்லிக் குடுக்கல. சூட்டுல நிறுத்திக் கெளப்பிப் பாக்கவும் இல்ல. பில்டரக் கழட்டிட்டு சாவியத் திருப்ப வுட்டதும் நான்தான். அது மேல இருந்திருந்தா தீ வெளிய வந்தே இருக்காது. அப்பறம் நான் கத்தினது சாக்குன்னுதான்."

பரீதா என் முகத்தையே பார்த்தாள். "அவருக்காக சாக்குச் சொல்றீங்களாம்மா?"

"இந்தச் சாக்கு நெசம்," என்றேன். "நான் சொன்னபடிதான் அவர் செஞ்சார். நான் சரியாச் சொல்லியிருந்தா சரியாச் செஞ்சிருப்பார். தீ எரியறப்பவும் சாவிய வுடல பாத்தீங்களா? ஓட்டத் தெரியாதவரு அதச் செய்யமாட்டாரு."

நான் இவ்வளவு நீளமாக யாரிடமும் பேசியதில்லை. முடித்ததும்தான் முந்தானை தோளிலேயே கிடப்பது தெரிந்தது.

  திரும்பும் வழியெல்லாம் எஞ்சின் அடித்தொண்டையில் எதையோ முனகிக்கொண்டு வந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு அருகே சிக்னலில் நின்றோம். பக்கத்தில் நின்ற பஸ்ஸின் படிக்கட்டிலிருந்து கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"யோவ், இங்க பாருங்கய்யா! கெழவி கைய மடியில வச்சுக்கிட்டு ஓட்டுது!"

பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்போதுதான் காலையிலிருந்து ஊர் ஏன் என்னையே பார்த்தது என்று புரிந்தது. உடம்பெல்லாம் கூசியது. கண்ணாடியை இறக்கினேன்.

"நான் ஓட்டல தம்பி! அந்தப் பக்கம் பாரு, அவருதான் ஓட்டறாரு!"

சத்தமாகத்தான் சொன்னேன். பாய் பஸ்ஸைப் பார்த்து சலாம் வைத்தார். பின் சீட்டிலிருந்து பரீதாவின் சிரிப்புச் சத்தம் வந்தது. வெகுநேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு.

"தங்கச்சி, இவ்வளவு சத்தத்த இத்தன வருஷமா எங்க வச்சிருந்த?" என்றார் பாய்.

அரியலூர் கொட்டகையில் வண்டியை நிறுத்தி, அந்த நத்தைக் கல்லை டயருக்கடியில் வைத்தோம். பரீதா உள்ளே போய்ப் போனில் பேசிவிட்டு வந்தாள். லாரி வராது என்று அவள் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு வெள்ளை ஒட்டுத்தாளும் மார்க்கர் பேனாவும் எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள்.

"அந்தக் குமிழுக்குப் பக்கத்துல எழுதி ஒட்டுங்கம்மா. இனிமே யாரும் யாருக்கும் 'எடு'ன்னு சொல்ல வேணாம்."

"நீங்க டீச்சர். நீங்க எழுதுங்க."

"நீங்கதான் வச்சீங்க. நீங்கதான் பேர் வைக்கணும்."

அப்புறம் ஒரு வாரம் அந்த வண்டியோடு இருந்தேன். சூடு மேலேறாமல் இருக்க, கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் விரல் தடிமனில் ஒரு பேக்லைட் கட்டை வைத்தேன். சூடாக நிறுத்தி, சூடாகக் கிளப்பி, எண்ணிக்கை மறந்துபோகும்வரை பார்த்தேன். பாய் இப்போதும் ஓட்டுகிறார். அதெல்லாம் வேலை.

அன்றைக்கு ஒட்டுத்தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 'ழு' எனக்குச் சட்டென்று வராது. சுழி எந்தப் பக்கம் என்று தொடையில் விரலால் இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். பாயும் பரீதாவும் அவசரப்படுத்தவில்லை. வெளியே சிமெண்ட் லாரி ஒன்று அந்தப் பழைய கடலை ஏற்றிக்கொண்டு போனது. எழுதினேன்:

வெளியே இழு — சோக் மூடும். உள்ளே தள்ளு — சோக் திறக்கும்.

நான் எழுதி இன்னொருவர் படித்தது அதுதான் முதல் தடவை. இது இரண்டாவது.